மடக்கு (பைத்தான்)

மடக்கு என்பது பைத்தான் நிரல்மொழியில் ஒரு கட்டளையை அல்லது கட்டளைத் தொகுதியை மீண்டும் மீண்டும் இயங்கச் செய்யும் கட்டுப்பாட்டு அமைப்பு ஆகும். தமிழில் இது கண்ணி, சுழற்சி, வளையம் எனவும் வழங்கப்படுகிறது. பைத்தானில் இரண்டு வகை மடக்குகள் உள்ளன. ஒரு தொகுப்பிலுள்ள உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து இயங்குவது ஃபார் மடக்கு. ஒரு நிபந்தனை மெய்யாக இருக்கும் காலம் முழுவதும் இயங்குவது வைல் மடக்கு.

தமிழ்நாடு அரசின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் 2019ஆம் ஆண்டு முதல் பைத்தான் கற்பிக்கப்படுகிறது. பட்டயப் படிப்பிலும் பொறியியல் படிப்பிலும் சேரும் மாணவர் பலருக்கு மடக்கு முதல் தடையாக அமைகிறது. இக்கட்டுரை மடக்கின் இயக்கத்தைத் திருவள்ளூர் மாவட்டத்தின் ஏரிகள், தொடர்வண்டி நிலையங்கள், கும்மிடிப்பூண்டி தொழிற்பகுதியின் ஆலைப்பணி ஆகியவற்றிலிருந்து எடுத்த எடுத்துக்காட்டுகளால் விளக்குகிறது.

## எழுத்து முறை

பைத்தானின் சிறப்புச் சொற்கள் ஆங்கிலச் சொற்கள் ஆகும். இக்கட்டுரையின் நிரல்களில் அவை ஒலிப்பு முறையில் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. கணினியில் உள்ளிடும்போது ஃபார், இன், வைல், இஃப், எல்ஸ், பிரேக், கன்டினியூ, பிரிண்ட், ரேஞ்ச் ஆகியவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் எழுத வேண்டும். மாறிகளின் பெயர்களைத் தமிழிலேயே விடலாம். 2008ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியான பைத்தான் 3, ஒருங்குறியின் பிறமொழி எழுத்துகளை மாறிப் பெயர்களில் ஏற்கிறது. ஆகவே மொத்தம், அளவு, நிலையம் போன்ற பெயர்கள் முறையான மாறிப் பெயர்களே.

## வரலாறு

கணிப்பொறி உருவாவதற்கு முன்பே மடக்கு என்ற கருத்து தோன்றிவிட்டது. சார்லஸ் பாபேஜ் வடிவமைத்த பகுப்பாய்வுப் பொறி குறித்து அடா லவ்லேஸ் 1843ஆம் ஆண்டு வெளியிட்ட குறிப்புகளில், பெர்னூலி எண்களைக் கணிக்கும் முறை விளக்கப்பட்டுள்ளது. அதில் ஒரே செயல்வரிசை திரும்பத் திரும்ப இயங்கும் பகுதிகள் உள்ளன.

1957இல் வெளியான ஃபோர்ட்ரான் மொழியில் மடக்குக்கெனத் தனிக் கட்டளை இருந்தது. 1966இல் பேம், யாகோப்பினி என்னும் இரு கணினி அறிவியலாளர்கள் வரிசைமுறை, கிளைபிரித்தல், மடக்கு ஆகிய மூன்று அமைப்புகளைக் கொண்டே எந்தக் கணிப்பையும் எழுத இயலும் எனக் காட்டினர். இன்றைய பாடநூல்கள் கட்டுப்பாட்டு அமைப்புகளை இம்மூன்றாகப் பிரிப்பதற்கு இதுவே அடிப்படை.

பைத்தான் மொழியை நெதர்லாந்து நாட்டின் கைடோ வான் ரோசம் 1989ஆம் ஆண்டு இறுதியில் உருவாக்கத் தொடங்கினார். அதன் முதல் வெளியீடு 1991 பிப்ரவரியில் வந்தது. சி மொழியின் ஃபார் மடக்கு தொடக்கம், நிபந்தனை, மாற்றம் என்னும் மூன்று கூறுகளைக் கேட்கிறது. பைத்தானின் ஃபார் மடக்கு ஒரு தொகுப்பை மட்டுமே கேட்கிறது. எண்ணிக்கையை நிரலாளர் தாமே கண்காணிக்க வேண்டியதில்லை என்பதால் தொடக்கநிலையினருக்கு இது எளிதாகிறது.

## ஃபார் மடக்கு

சென்னை–கும்மிடிப்பூண்டி புறநகர்த் தொடர்வண்டித் தடத்தின் வடபகுதியில் மீஞ்சூர், அனுப்பம்பட்டு, பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி ஆகிய ஐந்து நிலையங்கள் அடுத்தடுத்து உள்ளன. அவற்றின் பெயர்களை அச்சிடும் நிரல் வருமாறு:

```
நிலையங்கள் = ["மீஞ்சூர்", "அனுப்பம்பட்டு", "பொன்னேரி",
            "கவரைப்பேட்டை", "கும்மிடிப்பூண்டி"]
ஃபார் நிலையம் இன் நிலையங்கள்:
    பிரிண்ட்(நிலையம்)
```

இதில் "நிலையங்கள்" என்பது பட்டியல். "நிலையம்" என்பது மடக்கு மாறி. முதற் சுற்றில் "நிலையம்" என்னும் மாறியில் மீஞ்சூர் இடப்படுகிறது. உள்தள்ளி எழுதப்பட்ட கட்டளை இயங்கி அப்பெயரை அச்சிடுகிறது. பின்னர் கட்டுப்பாடு மேலே திரும்பி அடுத்த பெயரை எடுக்கிறது. பட்டியல் தீர்ந்ததும் மடக்கு தானே முடிகிறது. நிலையங்களின் எண்ணிக்கை நிரலில் எங்கும் குறிப்பிடப்படவில்லை. பட்டியலில் மேலும் பத்து நிலையங்களைச் சேர்த்தாலும் மடக்கின் இரண்டு வரிகளும் மாறாமல் இருக்கும்.

### முக்காற்புள்ளியும் உள்தள்ளலும்

மடக்கின் தலைப்பு வரி முக்காற்புள்ளியில் முடிய வேண்டும். அதை விட்டால் நிரல் இயங்கத் தொடங்கும் முன்பே தொடரியல் பிழை தோன்றும்.

தலைப்பு வரிக்குக் கீழே உள்தள்ளி எழுதப்பட்ட வரிகள் மடக்கின் உடல் எனப்படும். சி, சாவா போன்ற மொழிகள் உடலை நெளிவு அடைப்புக்குறிகளுக்குள் வைக்கின்றன. பைத்தானில் உள்தள்ளலே எல்லை. ஓர் உடலின் வரிகள் அனைத்தும் ஒரே அளவு உள்தள்ளப்பட வேண்டும். நான்கு இடைவெளிகள் விடுவது பரிந்துரைக்கப்பட்ட வழக்கம். உள்தள்ளலை நீக்கிய முதல் வரியில் மடக்கு முடிந்துவிட்டது என்று பொருள்.

## ரேஞ்ச் சார்பு

பட்டியல் எதுவும் இல்லாமல் குறிப்பிட்ட எண்ணிக்கையில் மடக்கை இயக்க ரேஞ்ச் என்னும் சார்பு பயன்படுகிறது. அதன் மூன்று வடிவங்கள்:

- ரேஞ்ச்(5) – 0, 1, 2, 3, 4 ஆகிய எண்களைத் தரும்.
- ரேஞ்ச்(1, 6) – 1, 2, 3, 4, 5 ஆகிய எண்களைத் தரும்.
- ரேஞ்ச்(10, 0, -2) – 10, 8, 6, 4, 2 ஆகிய எண்களைத் தரும்.

மூன்று வடிவங்களிலும் இறுதி எல்லையாகத் தரப்படும் எண் சேர்க்கப்படுவதில்லை. ஒன்று முதல் ஐந்து வரை வேண்டுமெனில் ரேஞ்ச்(1, 6) என எழுத வேண்டும். இதை மறந்து ரேஞ்ச்(1, 5) என எழுதினால் ஐந்தாம் சுற்று விடுபடும். இவ்வகை வழு "ஒன்று பிசகும் வழு" எனப்படுகிறது. பிழைச்செய்தி எதையும் காட்டாமல் தவறான விடையைத் தருவதால் இது கண்டறியக் கடினமானது.

எண்ணப்படும் பொருள் எது என்பதில் தெளிவின்மையே பெரும்பாலும் இவ்வழுவுக்குக் காரணமாகிறது. மேற்கண்ட ஐந்து நிலையங்களுக்கு இடையே உள்ள இடைத்தடங்கள் நான்கு மட்டுமே. நிலையங்களின் பெயரை அச்சிட ஐந்து சுற்றுகள் வேண்டும். அடுத்தடுத்த இரு நிலையங்களுக்கு இடையேயான தொலைவைக் கணிக்க நான்கு சுற்றுகள் போதும். மடக்கை எழுதும் முன் "எண்ணுவது நிலையத்தையா, இடைத்தடத்தையா?" என்ற வினாவுக்கு விடை கண்டுகொள்வது நல்ல பழக்கம் ஆகும்.

## கூட்டுத்தொகை காணல்

திருவள்ளூர் மாவட்டத்தில் சென்னைக்குக் குடிநீர் வழங்கும் நான்கு நீர்த்தேக்கங்கள் உள்ளன. அவற்றின் முழுக் கொள்ளளவு மில்லியன் கன அடியில் பின்வருமாறு:

- பூண்டி – 3231
- சோழவரம் – 1081
- புழல் – 3300
- கண்ணன்கோட்டை–தேர்வாய் கண்டிகை – 500

இவற்றுள் பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் கட்டி முடிக்கப்பட்டது. கும்மிடிப்பூண்டி வட்டத்திலுள்ள கண்ணன்கோட்டை–தேர்வாய் கண்டிகை 2020இல் பயன்பாட்டுக்கு வந்தது. மொத்தக் கொள்ளளவைக் காணும் நிரல்:

```
கொள்ளளவுகள் = [3231, 1081, 3300, 500]
மொத்தம் = 0
ஃபார் அளவு இன் கொள்ளளவுகள்:
    மொத்தம் = மொத்தம் + அளவு
பிரிண்ட்(மொத்தம்)
```

"மொத்தம் = மொத்தம் + அளவு" என்னும் வரி கணிதச் சமன்பாடு அன்று. வலப்பக்கத்தை முதலில் கணித்து, கிடைத்த மதிப்பை இடப்பக்க மாறியில் இடு என்பதே அதன் பொருள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மாறிகளின் மதிப்பு:

- முதற் சுற்று: அளவு 3231, மொத்தம் 3231
- இரண்டாம் சுற்று: அளவு 1081, மொத்தம் 4312
- மூன்றாம் சுற்று: அளவு 3300; மொத்தம் 7612
- நான்காம் சுற்று: அளவு 500, மொத்தம் 8112

நிரல் 8112 என அச்சிடும். காஞ்சிபுரம் மாவட்டத்தின் செம்பரம்பாக்கம் ஏரியின் 3645 மில்லியன் கன அடியையும் பட்டியலில் சேர்த்தால் விடை 11757 ஆகும். நாளேடுகளில் சென்னைக் குடிநீர் ஏரிகளின் மொத்தக் கொள்ளளவாகக் குறிப்பிடப்படும் எண் இதுவே.

இங்குத் தொடக்கநிலையினர் செய்யும் தவறுகள் இரண்டு. முதலாவது, "மொத்தம் = 0" என்ற வரியை மடக்கின் உடலுக்குள் எழுதுவது. அவ்வாறு எழுதினால் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் அதுவரை சேர்ந்த தொகை அழிந்துவிடும். இறுதியில் கடைசி உறுப்பு மட்டும் எஞ்சி 500 என்ற விடை கிடைக்கும். பூண்டி, சோழவரம், புழல் ஆகிய மூன்றின் நீரும் கணக்கிலிருந்து மறைந்துவிடும். இரண்டாவது, பிரிண்ட் வரியை உள்தள்ளி எழுதுவது. அப்போது ஒரே விடைக்கு மாறாக 3231, 4312, 7612, 8112 என நான்கு வரிகள் அச்சாகும். இரண்டு தவறுகளிலும் பைத்தான் எந்தப் பிழைச்செய்தியும் காட்டாது.

மேலே செய்ததுபோல் ஒவ்வொரு சுற்றுக்கும் மாறிகளின் மதிப்பைத் தாளில் எழுதிப் பார்ப்பது கைவழிச் சரிபார்ப்பு எனப்படும். மடக்கைப் புரிந்துகொள்ள இதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை எனலாம்.

## வைல் மடக்கு

எத்தனை சுற்றுகள் தேவை என்பது முன்கூட்டியே தெரியாதபோது வைல் மடக்கு பயன்படுகிறது. ஒரு நீர்த்தேக்கத்தில் 500 மில்லியன் கன அடி நீர் இருப்பதாகவும், நாள்தோறும் 30 மில்லியன் கன அடி எடுக்கப்படுவதாகவும், புதிய நீர்வரத்து இல்லை எனவும் கொள்வோம். நாள்தோறும் எடுக்கும் அளவு இவ்விளக்கத்துக்காகக் கற்பனையாகக் கொள்ளப்பட்டது. எத்தனை நாட்களுக்கு முழு அளவில் நீர் எடுக்க இயலும்?

```
இருப்பு = 500
நாள் = 0
வைல் இருப்பு >= 30:
    இருப்பு = இருப்பு - 30
    நாள் = நாள் + 1
பிரிண்ட்(நாள், இருப்பு)
```

ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னர் நிபந்தனை சோதிக்கப்படுகிறது. அது மெய்யெனில் உடல் இயங்கும். பொய்யெனில் மடக்கு முடியும். 16 சுற்றுகளுக்குப் பின் இருப்பு 20 ஆகிறது. 20 என்பது 30ஐ விடக் குறைவு என்பதால் மடக்கு நின்று, 16 20 என்ற விடை அச்சாகிறது. தொடக்கத்திலேயே இருப்பு 30க்குக் குறைவாக இருந்தால் உடல் ஒருமுறைகூட இயங்காது.

வைல் மடக்கில் மூன்று கூறுகள் இன்றியமையாதவை:

1. நிபந்தனையில் வரும் மாறிக்குத் தொடக்க மதிப்பு.
2. சுற்றுதோறும் சோதிக்கப்படும் நிபந்தனை.
3. நிபந்தனையை ஒருநாள் பொய்யாக்கக்கூடிய மாற்றம்.

மூன்றாம் கூறு விடுபட்டால் மடக்கு முடிவதே இல்லை.

## முடிவிலா மடக்கு

நிபந்தனை எப்போதும் மெய்யாகவே இருக்கும் மடக்கு முடிவிலா மடக்கு எனப்படும். மேற்கண்ட நிரலில் "இருப்பு >= 30" என்பதற்கு மாறாக "இருப்பு != 0" என எழுதினால் என்ன ஆகும் என்பதைப் பார்க்கலாம். "நீர் தீரும் வரை" என்ற பொருளில் இது சரியாகவே தோன்றும். ஆனால் இருப்பு 500, 470, 440 எனக் குறைந்து 50, 20 என வந்து, அடுத்த சுற்றில் -10 ஆகிவிடும். அது சுழியத்தைத் தொடாமலே தாண்டிச் செல்வதால் நிபந்தனை என்றும் பொய்யாகாது. இல்லாத நீரை நிரல் எடுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே எல்லையைச் சோதிக்கும்போது "சமமில்லை" என்பதைவிட "பெரிது", "சிறிது" ஆகிய ஒப்பீடுகளைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது.

முனையத்தில் முடிவிலா மடக்கு ஓடத் தொடங்கிவிட்டால், கண்ட்ரோல் விசையை அழுத்தியவாறு சி விசையை அழுத்தி நிறுத்தலாம்.

### 2008 டிசம்பர் 31

முடிவிலா மடக்கு பெரும் எண்ணிக்கையிலான கருவிகளை முடக்கிய நிகழ்வு ஒன்று 2008ஆம் ஆண்டு டிசம்பர் 31 அன்று நடந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் சூன் என்னும் இசைக்கருவியின் 30 கிகாபைட் வகை அன்று உலகின் பல பகுதிகளில் ஒரே நாளில் உறைந்து நின்றது. நாட்களின் எண்ணிக்கையிலிருந்து ஆண்டைக் கணிக்கும் மடக்கே காரணம். அதன் தருக்கத்தைப் பைத்தான் வடிவில் இவ்வாறு எழுதலாம்:

```
வைல் நாள் > 365:
    இஃப் நெட்டாண்டு(ஆண்டு):
        இஃப் நாள் > 366:
            நாள் = நாள் - 366
            ஆண்டு = ஆண்டு + 1
    எல்ஸ்:
        நாள் = நாள் - 365
        ஆண்டு = ஆண்டு + 1
```

2008 ஒரு நெட்டாண்டு. டிசம்பர் 31 அவ்வாண்டின் 366ஆம் நாள். 366 என்பது 365ஐ விடப் பெரியது. ஆகவே மடக்கு தொடர்கிறது. நெட்டாண்டு என்பதால் முதல் கிளைக்குள் செல்கிறது. ஆனால் 366 என்பது 366ஐ விடப் பெரியதன்று. ஆகவே எந்த மாறியும் மாறுவதில்லை. மாறி மாறாததால் நிபந்தனையும் மாறுவதில்லை. நான்கு ஆண்டுகளுக்கு ஒரு நாள் மட்டும் தோன்றும் இவ்வழு, மற்ற நாட்களில் செய்த சோதனைகளில் வெளிப்பட வாய்ப்பே இல்லை. மறுநாள் தேதி மாறிய பின், மின்கலத்தைத் தீரவிட்டு மீண்டும் இயக்கியபோது கருவிகள் இயல்புக்குத் திரும்பின.

வைல் மடக்கின் உடலில் கிளைகள் இருந்தால், ஒவ்வொரு கிளையும் மடக்கை முடிவை நோக்கி நகர்த்துகிறதா எனத் தனித்தனியே சரிபார்க்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

## பிரேக், கன்டினியூ, எல்ஸ்

பிரேக் கட்டளை மடக்கை உடனே முடிக்கிறது. கன்டினியூ கட்டளை நடப்புச் சுற்றின் எஞ்சிய வரிகளை விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குச் செல்கிறது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பகுதியில் எஃகு உருட்டாலைகள் உள்ளன. இவ்வகை ஆலைகளில் எஃகுத் துண்டுகள் உலையில் மீண்டும் சூடாக்கப்பட்டு, பின்னர் கம்பிகளாக உருட்டப்படுகின்றன. உலையின் வெப்பநிலை உணரிகளால் தொடர்ந்து அளக்கப்படுகிறது. பின்வரும் எடுத்துக்காட்டில் அளவீடுகள் கற்பனையானவை. உணரி பழுதானால் -1 பதிவாகும் எனவும், 1250 பாகை செல்சியசுக்கு மேல் எச்சரிக்கை தேவை எனவும் கொள்ளப்பட்டுள்ளது.

```
அளவீடுகள் = [1180, 1195, -1, 1210, 1260, 1200]
ஃபார் வெப்பம் இன் அளவீடுகள்:
    இஃப் வெப்பம் == -1:
        கன்டினியூ
    இஃப் வெப்பம் > 1250:
        பிரிண்ட்("எச்சரிக்கை")
        பிரேக்
    பிரிண்ட்(வெப்பம்)
எல்ஸ்:
    பிரிண்ட்("அனைத்தும் சீர்")
```

இந்நிரல் 1180, 1195, 1210 ஆகியவற்றையும் பின்னர் "எச்சரிக்கை" என்பதையும் அச்சிடும். -1 என்ற பதிவு கன்டினியூவால் தவிர்க்கப்பட்டது. 1260 வந்தபோது பிரேக் மடக்கை முடித்ததால் கடைசி அளவீடான 1200 படிக்கப்படவில்லை.

எல்ஸ் பகுதி பைத்தான் மடக்கின் தனிச்சிறப்பு. பிரேக் கட்டளையால் இடையில் முறியாமல் மடக்கு இயல்பாக முடிந்தால் மட்டுமே அது இயங்கும். இங்குப் பிரேக் இயங்கியதால் "அனைத்தும் சீர்" அச்சாகவில்லை. இஃப் கட்டளையின் எல்ஸுடன் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

வைல் மடக்கில் கன்டினியூ பயன்படுத்தும்போது கூடுதல் கவனம் தேவை. எண்ணியைக் கூட்டும் வரி கன்டினியூவுக்குக் கீழே இருந்தால் அந்த வரி தாண்டப்பட்டு, எண்ணி உயராமல், மடக்கு முடிவிலா மடக்காக மாறிவிடும்.

### மடக்கின்போது பட்டியலை மாற்றுதல்

பழுதான பதிவுகளை மடக்குக்குள்ளேயே பட்டியலிலிருந்து நீக்க முயல்வது மற்றொரு பொதுவான தவறு. [1180, -1, -1, 1210] என்ற பட்டியலில் இரண்டாம் இடத்திலுள்ள -1 நீக்கப்பட்டதும் மற்ற உறுப்புகள் ஓர் இடம் முன்னே நகர்கின்றன. மடக்கோ அடுத்து மூன்றாம் இடத்தை நோக்குகிறது. அங்கு இப்போது 1210 இருப்பதால், இரண்டாம் -1 சோதிக்கப்படாமலே பட்டியலில் தங்கிவிடும். நல்ல பதிவுகளை மட்டும் ஒரு புதிய பட்டியலில் சேர்ப்பதே சரியான முறை.

## அடுக்கு மடக்கு

ஒரு மடக்கின் உடலுக்குள் மற்றொரு மடக்கு அமைவது அடுக்கு மடக்கு எனப்படும். திண்ணைப் பள்ளிகளில் மாணவர் எண்சுவடியை ஒப்பித்த முறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஓர் எண்ணின் வாய்ப்பாடு முழுவதும் முடிந்த பின்னரே அடுத்த எண்ணுக்குச் செல்வர். மூன்று பொறிகள் இயங்கும் ஓர் ஆலையில், ஒவ்வொரு பொறிக்கும் மூன்று ஷிப்டுகளின் பதிவேட்டுத் தலைப்பை அச்சிடும் நிரல்:

```
ஃபார் பொறி இன் ரேஞ்ச்(1, 4):
    ஃபார் ஷிப்டு இன் ரேஞ்ச்(1, 4):
        பிரிண்ட்("பொறி", பொறி, "ஷிப்டு", ஷிப்டு)
```

வெளி மடக்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் உள் மடக்கு முழுமையாக ஓடுகிறது. ஆகவே 3 × 3 என ஒன்பது வரிகள் அச்சாகும். இரண்டு மடக்குகளும் 100 சுற்றுகள் ஓடினால் உடல் 10,000 முறையும், ஆயிரம் சுற்றுகள் ஓடினால் பத்து இலட்சம் முறையும் இயங்கும். உள் மடக்கில் எழுதப்பட்ட பிரேக் உள் மடக்கை மட்டுமே முடிக்கும். வெளி மடக்கு தொடரும்.

## எழில் மொழியில் மடக்கு

எழில் என்பது முத்தையா அண்ணாமலை உருவாக்கிய தமிழ் நிரல்மொழி ஆகும். இம்மொழி குறித்த கட்டுரை 2009இல் வெளியானது. எழிலின் நிரல்பெயர்ப்பி பைத்தானில் எழுதப்பட்டுள்ளது. ஆகவே எழிலில் ஓடும் மடக்கு உள்ளுக்குள் பைத்தானால் இயக்கப்படுகிறது. நீர் இருப்பு நிரலின் எழில் வடிவம்:

```
இருப்பு = 500
நாள் = 0
@( இருப்பு >= 30 ) வரை
    இருப்பு = இருப்பு - 30
    நாள் = நாள் + 1
முடி
பதிப்பி நாள்
```

இதில் நிபந்தனை முன்னும் சிறப்புச் சொல் பின்னும் வருகின்றன. இது தமிழ்த் தொடரமைப்பை ஒட்டியது. உள்தள்ளலுக்கு மாறாக "முடி" என்னும் சொல் உடலின் எல்லையைக் காட்டுகிறது. பேச்சுத் தமிழில் "வரை" என்பது முடிவெல்லையைக் குறிக்கும். எழிலில் அடைப்புக்குறிக்குள் உள்ள நிபந்தனை மெய்யாக "இருக்கும் வரை" எனக் கொள்ள வேண்டும். நிபந்தனை மெய் "ஆகும் வரை" எனக் கொண்டால் நிரலின் பொருள் தலைகீழாகிவிடும்.

## ஆலைக் கட்டுப்பாட்டுப் பொறிகளில் மடக்கு

பைத்தானில் மடக்கைக் கற்ற மாணவர் ஒருவர் ஆலைப் பணிக்குச் சென்றால், அங்குப் பி.எல்.சி. எனப்படும் நிரல்வழித் தருக்கக் கட்டுப்படுத்தியைக் காண்பார். 1960களின் இறுதியில் அமெரிக்காவில் உருவான இக்கருவி இன்று உருட்டாலை முதல் புட்டி நிரப்பும் ஆலை வரை பயன்படுகிறது. இதன் அடிப்படை இயக்கமே வேண்டுமென்று அமைக்கப்பட்ட ஒரு முடிவிலா மடக்கு. உணரிகளின் நிலையைப் படித்தல், நிரலை இயக்குதல், மோட்டார், வால்வு முதலியவற்றுக்கு வெளியீட்டை அனுப்புதல் ஆகிய மூன்றும் பெரும்பாலும் சில மில்லி நொடிகளுக்கு ஒருமுறை தொடர்ந்து நிகழ்கின்றன. இம்மடக்கு நிற்பது ஆலை நிற்பதற்கு ஒப்பாகும்.

பைத்தானில் பழகியவர் இங்குத் தவறக்கூடிய இடம் ஒன்று உண்டு. "கதவு மூடும் வரை காத்திரு" என்பதை ஒரு வைல் மடக்காக எழுதுவது பைத்தானில் இயல்பானது. பி.எல்.சி.யிலோ பொதுவாக உணரியின் நிலை சுற்றின் தொடக்கத்தில் மட்டுமே படிக்கப்படுகிறது. நிரலின் நடுவே உள்ள வைல் மடக்கு எத்தனை முறை சுற்றினாலும், படித்து வைத்த பழைய நிலையையே காணும். கதவு உண்மையில் மூடிய பின்னும் மடக்கு முடியாது. இந்நிலையைக் கண்டறிவதற்காகக் காவல் நேரங்காட்டி என்னும் அமைப்பு உள்ளது. ஒரு சுற்று குறித்த நேரத்துக்குள் முடியாவிட்டால் அது கட்டுப்படுத்தியைப் பழுது நிலைக்குக் கொண்டுசெல்கிறது. ஆகவே பி.எல்.சி.யில் காத்திருத்தல் இஃப் நிபந்தனையால் எழுதப்படுகிறது. திரும்பத் திரும்பச் சோதிக்கும் வேலையை வெளியே உள்ள பெரிய மடக்கு பார்த்துக்கொள்கிறது.

## எந்த மடக்கைப் பயன்படுத்துவது

- உறுப்புகளின் தொகுப்பு கையில் இருந்தால்: ஃபார்.
- சுற்றுகளின் எண்ணிக்கை முன்பே தெரிந்தால்: ரேஞ்ச் சார்புடன் ஃபார்.
- ஒரு நிலை எட்டப்படும் நேரம் தெரியாவிட்டால்: வைல்.
- தேடியது கிடைத்ததும் நிறுத்த வேண்டுமெனில்: ஃபார் மடக்குக்குள் பிரேக்.

ஃபார் மடக்கு நிலையான பட்டியலின் மீதோ ரேஞ்ச் சார்பின் மீதோ இயங்கும்போது தானே முடிந்துவிடும். ஆகவே இரண்டும் பொருந்தும் இடத்தில் ஃபார் மடக்கைத் தேர்வதே பாதுகாப்பானது.

## பயிற்சிகள்

1. ஏரிகளின் கொள்ளளவுப் பட்டியலில் மிகப் பெரிய எண்ணை ஃபார் மடக்கால் கண்டறிக.
2. நீர் இருப்பு நிரலில் நாள்தோறும் 5 மில்லியன் கன அடி நீர்வரத்து உண்டு எனக் கொண்டு மாற்றி எழுதுக. நீர்வரத்து 30 ஆனால் மடக்கு முடியுமா?
3. 2008 டிசம்பர் 31 வழுவை நீக்க எந்த வரியைச் சேர்க்க வேண்டும் எனக் கூறுக.

## இவற்றையும் பார்க்க

- பைத்தான்
- எழில் (நிரல்மொழி)
- கட்டுப்பாட்டு அமைப்புகள் (நிரலாக்கம்)
- தற்சுழற்சி
- வழு (மென்பொருள்)
- திருவள்ளூர் மாவட்டம்